‘தி கிவர்’ நாவலில் காலெப்புக்குப் பெயர் வைக்கும் இடம்: நீங்கள் எப்படிப் படித்தீர்கள்?

கூழாங்கல்:

லோயிஸ் லௌரி எழுதிய ‘தி கிவர்’ படித்தவர்களிடம் ஒரு கேள்வி. கதையை முழுக்க உடைத்துத்தான் பேசப்போகிறேன். இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள். சின்னப் புத்தகம், இரண்டு மாலையில் முடிந்துவிடும்.

என் மகளுக்கு 12 வயது. பள்ளி நூலகத்திலிருந்து எடுத்து வந்து ஒரே மூச்சில் படித்து முடித்தாள். “அப்பா, நீங்களும் படிங்க, எனக்குப் பேச ஆள் வேணும்” என்று என் தலையணை மேல் வைத்துவிட்டுப் போனாள். 1993-இல் வந்த நாவல், மறு ஆண்டு நியூபெரி பதக்கம் (அமெரிக்காவில் சிறுவர் நூலுக்குத் தரும் விருது) வாங்கியது என்று அட்டையில் பார்த்தேன். பிள்ளைகளுக்கான கதைதானே, நாலு பக்கம் புரட்டிவிட்டுத் தூங்கலாம் என்று கையில் எடுத்தேன். அன்று இரவு 6-ஆம் அத்தியாயத்தைத் தாண்டவில்லை.

இந்த நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் ஒன்று 19-ஆம் அத்தியாயத்தில் கதை நாயகன் ஜோனஸின் அப்பா செய்யும் காரியத்தைப் பேசுகிறார்கள், இல்லையென்றால் கடைசியில் வரும் பனிச்சறுக்கு வண்டியை. ஜோனஸ் பிழைத்தானா, செத்தானா என்று. எனக்கு அது இரண்டும் இல்லை. நான் மாட்டிக்கொண்டது அரைப் பக்கம்கூட இல்லாத ஒரு இடத்தில்.

கதை நடக்கும் ஊரில் நிறம் கிடையாது, பழைய நினைவுகளும் கிடையாது; எல்லோருக்காகவும் ஒரு கிழவர் மட்டும் அவற்றைச் சுமக்கிறார். அந்த ஊரில் ஆண்டுக்கு 50 குழந்தைகள். டிசம்பர் சடங்கில் மேடைக்குக் கொண்டுவந்து, பெயர் வைத்து, காத்திருக்கும் குடும்பங்களிடம் கொடுப்பார்கள். அதில் ஒரு தம்பதிக்கு ஒரு ஆண் குழந்தை. பெயர் காலெப். அவர்களுக்கு முன்பே ஒரு காலெப் இருந்தான். நாலு வயது, எப்போதும் சிரித்த முகம். யாரும் பார்க்காத நேரத்தில் ஆற்றுப் பக்கம் போய் விழுந்துவிட்டான். அவன் போன அன்று ஊரே கூடி அவன் பெயரை நாள் முழுக்க முணுமுணுத்தது. நேரம் ஆக ஆக இடைவெளி கூடும், குரல் தாழும். கடைசியில் அந்தப் பிள்ளை எல்லோர் மனதிலிருந்தும் மெல்ல மங்கிப் போய்விடுவான். இப்போது புதுக் குழந்தை வந்ததும் அதையே தலைகீழாகச் செய்கிறார்கள். காலெப், காலெப் என்று முதலில் மெதுவாக, அப்புறம் வேகமாக, சத்தமாக. பழைய காலெப்பே திரும்பி வந்தது போல.

நான் புத்தகத்தை மூடி நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டேன். காரணம் இதுதான். நானும் அப்படி ஒரு காலெப்.

ஒன்பது வயதில் அலமாரியில் ஏதோ தேடும்போது துணிகளுக்கு அடியில் ஒரு புகைப்படம் கிடைத்தது. கறுப்பு வெள்ளை. ஒரு சின்னப் பையன், மூன்று வயது இருக்கும், கயிறு கட்டிய மரவண்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அந்த வண்டி எனக்குத் தெரியும், என்னுடையது. அப்படியென்றால் இது நான்தான் என்று நினைத்துத் திருப்பிப் பார்த்தேன். நீல மையில் என் பெயர். அப்பாவின் கையெழுத்து. கடைசி எழுத்தின் மேல் புள்ளியைப் புள்ளியாக வைக்க மாட்டார், குட்டி வட்டமாகச் சுழிப்பார். அந்த வட்டம் இருந்தது. அதற்குக் கீழே ஒரு தேதி. நான் பிறப்பதற்கு இரண்டு ஆண்டு முந்தைய தேதி.

படத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. வெகு காலம் கழித்து ஒரு உறவினர் பேச்சுவாக்கில் சொல்லித்தான் காய்ச்சலில் போன அண்ணனைப் பற்றி எனக்குத் தெரியும். வீட்டில் அவனைப் பற்றிப் பேச்சே கிடையாது. என்னையும் அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, தம்பி என்றுதான் கூப்பிடுவார். அப்பாதான் பெயர் சொல்வார். அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது.

மறுநாள் மகள் கேட்டாள்: “அப்பா, அந்த ஊர்ல குழந்தைகளுக்கு ஆளுக்கொரு பஞ்சு பொம்மை குடுப்பாங்கல்ல? எட்டு வயசானா வாங்கி அடுத்த குழந்தைக்குக் குடுத்துடுவாங்க. பழைய காலெப்போட பொம்மை என்ன ஆகியிருக்கும்? புதுக் காலெப்புக்கே குடுத்திருப்பாங்களா?”

புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. என் வண்டிக்கு முன்சக்கரம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும், எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே.

சரி, கேள்விக்கு வருகிறேன். அந்த இடத்தை லௌரி எதற்காக எழுதினார் என்று நினைக்கிறீர்கள்? நம்மைப் பயமுறுத்தவா? அல்லது அந்தப் பெற்றோருக்கு அந்த ஊர் தரக்கூடிய ஒரே ஆறுதல் அதுதான் என்று காட்டவா? நான் படிக்கும்போது இரண்டும் சேர்ந்தே வந்தது. கோபமும் வந்தது, அந்த முணுமுணுப்பு எனக்குப் பிடித்தும் இருந்தது. இரண்டாவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

---

மாடப்புறா:

நான் இந்த நாவலை முதலில் படித்தபோது எனக்கு 14 வயது. அப்போது அந்த இடத்தில் எனக்கு எதுவுமே உறைக்கவில்லை. நல்ல ஊர், நல்ல சடங்கு, பாவம் அந்த அம்மாவுக்கு இன்னொரு குழந்தை கிடைத்துவிட்டது என்று அவர்களோடு சேர்ந்து நானும் மகிழ்ந்தேன். லௌரியின் கெட்டிக்காரத்தனமே அதுதான் என்று நினைக்கிறேன். பாதிப் புத்தகம் வரைக்கும் நம்மையும் அந்த ஊர்க்காரராகவே வைத்திருக்கிறார். ஜோனஸுக்கே அப்போது அதில் தப்பு எதுவும் தெரியவில்லையே.

ஆனால் அந்தப் பத்திக்கு அடுத்த இரண்டு மூன்று வரியைத் திரும்பப் படியுங்கள். அதே மேடையில் இன்னொரு குழந்தைக்கு ராபர்ட்டோ என்று பெயர் வைக்கிறார்கள். முதியோர் இல்லத்து ராபர்ட்டோவை முந்தின வாரம்தான் ‘விடுவித்தார்கள்’. அவருக்காக யாரும் முணுமுணுக்கவில்லை. விடுவிப்பு வேறு, இழப்பு வேறு என்று ஜோனஸ் நினைத்துக்கொள்கிறான். விடுவிப்பு என்றால் ஊசி போட்டுக் கொல்வது என்று தெரிந்த பிறகு அந்த வரிக்குத் திரும்பி வந்தால் வயிற்றைப் பிசையும்.

மூன்றாவது பெயர் ஒன்று இருக்கிறது. ரோஸ்மேரி. ஜோனஸுக்குப் பத்து வருடம் முன்னால், அந்தக் கிழவரிடமிருந்து நினைவுகளைப் பெறத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண். ஐந்து வாரம் தாங்கினாள், அப்புறம் விடுவிப்பைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் பெயரை யாரும் சொல்லவே கூடாது, எந்தக் குழந்தைக்கும் வைக்கவும் கூடாது. ஜோனஸின் அம்மா அதைச் சொல்லும்போது அவன் அதிர்ந்து போகிறான். அந்த ஊரில் அதைவிடப் பெரிய அவமானம் இல்லை. கடைசியில் அந்தக் கிழவர்தான் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்கிறார், அவள் தன் மகள் என்று.

ஆக, ஒரு ஆளை மறக்க அந்த ஊருக்கு இரண்டு வழி தெரியும். பெயரை இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவது ஒன்று, பெயரையே பூட்டிவிடுவது இன்னொன்று. காலெப்புக்கு முதல் வழி, ரோஸ்மேரிக்கு இரண்டாவது. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படுகிறது. அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில், அது பயமுறுத்தத்தான்.

ஆனால் நீங்கள் உங்களைக் காலெப் என்று சொன்னதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த ஊரில் புகைப்படம் கிடையாது. அப்பா அம்மா வீட்டில் பழைய காலெப்பின் துணிகூட இருக்காது. உங்கள் அப்பா தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறார். மறக்க நினைத்தவர் தேதி எதற்குப் போடுகிறார்?

---

சாரல்:

கேள்விக்கு நேர் பதில் இல்லை, மன்னிக்கவும். ஆனால் முடிவைப் பற்றி ஒரு வரி: ஜோனஸ் சாகவில்லை. இதே வரிசையில் 2004-இல் வந்த ‘மெசெஞ்சர்’ நாவலில் பெரியவனாகி வருகிறான். 2012-இல் வந்த ‘சன்’, ஜோனஸ் கடைசியில் தூக்கிக்கொண்டு ஓடும் குழந்தை கேப்ரியலைப் பெற்ற தாயின் கதை. பிள்ளையை மறக்காத ஒரு தாய். உங்கள் கேள்விக்கு அதில் பதில் கிடைக்கலாம். அவளுக்கு ஊர் கொடுத்த பேர் கிளேர், பெற்றதும் குழந்தையை மறந்துவிட வேண்டும் என்பது விதி, அவளால் முடியவில்லை.

---

இரவுப்பணி:

பிறந்த குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் 11 வருடமாகச் செவிலியராக இருக்கிறேன். இந்தப் புத்தகத்தில் பெயர் பற்றி நான் நின்ற இடம் வேறு.

ஜோனஸின் அப்பா குழந்தைகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறார். எடை ஏறாத, ராத்திரியெல்லாம் அழுகிற ஒரு குழந்தை. எண் 36. டிசம்பர் சடங்கு வரை குழந்தைகளுக்கு எண் மட்டும்தான். இவர் விதியை மீறி, பெயர்ப் பட்டியலைத் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டு வந்து, கேப்ரியல் என்று முன்கூட்டியே கூப்பிடுகிறார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தேறிவிடும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. வீட்டுக்கே தூக்கி வருகிறார்.

எங்கள் வார்டில் முக்கால்வாசிக் குழந்தைகளுக்குப் பெயர் இருக்காது. கால் பட்டையில் அம்மா பெயரைப் போட்டு, அதன் குழந்தை என்று எழுதியிருக்கும். இரட்டை என்றால் 1, 2. ஆனால் நாங்கள் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ராத்திரி மூன்று மணிக்கு அலாரம் அடித்து ஓடும்போது “ராஜா, மூச்சு விடுடா, விடு” என்றுதான் வாயில் வரும். உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே ஏதோ ஒரு பெயர் சொல்லுவோம். அதனால் ஒவ்வொரு குழந்தைக்கும் எங்களிடம் ஒரு பெயர் இருக்கும், பெற்றவர்களுக்கே தெரியாத பெயர். சில குழந்தைகள் அந்தப் பெயரோடு மட்டும் போய்விட்டிருக்கின்றன.

அதனால்தான் அந்த அப்பாவை எனக்கு ரொம்பப் பிடித்தது. ரொம்பப் பிடித்ததால்தான் 19-ஆம் அத்தியாயத்தை என்னால் தாங்க முடியவில்லை. ஒரே மாதிரி இரட்டையர். எடை பார்க்கிறார். ஒன்று சரியாக ஆறு பவுண்டு, இன்னொன்று ஐந்து பவுண்டு பத்து அவுன்ஸ். சின்னதை விடுவிக்க வேண்டும். படித்துக்கொண்டிருக்கும்போதே கை தானாகக் கணக்குப் போட்டது. ஐந்து பவுண்டு பத்து அவுன்ஸ் என்றால் கிட்டத்தட்ட 2.55 கிலோ. உலக சுகாதார அமைப்பின் அளவுப்படி 2.5 கிலோவுக்குக் கீழே இருந்தால்தான் எடை குறைந்த குழந்தை. அந்தப் பிள்ளை அதில்கூட வராது! இரட்டையில் 2.55 வந்தால் நாங்கள் கையைத் தட்டி அம்மா பக்கத்தில் படுக்க வைத்துவிடுவோம், எங்கள் வார்டுக்கே வராது. இரண்டுக்கும் வித்தியாசம் 170 கிராம். ஒரு வேளை நன்றாகப் பால் குடித்தால் பாதி சரியாகிவிடும்.

நெற்றிக்கு மேலே இருக்கும் நரம்பில் ஊசி போடுகிறார். கை நரம்பு இன்னும் பொடிசாக இருக்கிறது என்று குழந்தையிடம் கொஞ்சிக்கொண்டே. நாங்களும் தலை நரம்பில் ஊசி ஏற்றுவோம், நாங்களும் கொஞ்சுவோம், அதே வார்த்தைகள். அந்தப் பக்கத்தில் என் குரலை நான் கேட்டேன்.

இவ்வளவு அன்பான மனிதர் எப்படி? அந்தக் குழந்தைக்கு அவர் பெயர் வைக்கவில்லை. பட்டியலில் அதற்குப் பெயரே கிடையாது. கேப்ரியலுக்கு ஒரு பெயர் இருந்ததால் ஒரு வருடம் கூடுதலாக அவகாசம் கேட்டு வாங்கினார்.

கூழாங்கல், உங்கள் கேள்விக்கு: எங்கள் வார்டில் குழந்தையை இழந்து, அப்புறம் அடுத்த பிரசவத்துக்கு வந்து, அதே பெயரை வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் முதல் குழந்தையை மறந்திருக்கவில்லை. ஒரு அம்மா என்னிடம் சொன்னார், “கூப்பிடாம விட்டா அந்தப் பேரு வீணாப் போயிடும் சிஸ்டர்”. அதனால் அந்த முணுமுணுப்பு உங்களுக்குப் பிடித்திருந்தால் அதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்த மேடையில் நின்ற அம்மா மனதுக்குள் என்ன நினைத்தாள் என்று ஜோனஸுக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது.

---

ஓலைச்சுவடி:

இரவுப்பணி எழுதியதைப் படித்துவிட்டு வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை. ஒரு தகவல் மட்டும்.

1994-இல் நியூபெரி பதக்கம் வாங்கும்போது லௌரி ஒரு உரை ஆற்றினார். இந்தக் கதை எங்கிருந்தெல்லாம் ஊறி வந்தது என்று அதில் சொல்லியிருக்கிறார். அவருடைய வயதான அப்பா முதியோர் இல்லத்தில் இருக்கிறார், நினைவு தவறிக்கொண்டே வருகிறது. அறைச் சுவரில் குடும்பப் படங்களை மாட்டி வைத்திருக்கிறார்கள். லௌரியின் அக்கா ஹெலன் இளம் வயதிலேயே புற்றுநோயில் இறந்துவிட்டவர். அவர் படத்தைப் பார்த்து அப்பா சிரிக்கிறார். இது உன் அக்கா, ஹெலன் என்று மகிழ்ச்சியாகச் சொல்கிறார். அப்புறம், அவளுக்கு என்ன ஆயிற்று என்று சரியாக ஞாபகம் வரவில்லையே என்கிறார். லேசாகக் குழம்பினாரே தவிர வருத்தம் துளியும் இல்லை.

பெயர் நினைவில் இருக்கிறது, முகம் நினைவில் இருக்கிறது, வலி மட்டும் போய்விட்டது. வலியை மறப்பது சுகம்தான், ஆனால் அது பத்திரமானதா என்று அப்போது தனக்குத் தோன்றியதாக லௌரி சொல்கிறார். அவரது முதல் நாவலே 1977-இல் அந்த அக்காவின் சாவை வைத்து எழுதியதுதான். அப்படிப்பட்டவர் காலெப் பகுதியை வெறுமனே பயமுறுத்த எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. மாடப்புறாவோடு அந்த இடத்தில் வேறுபடுகிறேன். லௌரி தன் அப்பாவைப் பார்த்துப் பயந்திருப்பார், கொஞ்சம் பொறாமையும் பட்டிருப்பார்.

இன்னொன்று. பழைய பதிப்பின் அட்டையில் இருக்கும் தாடிக்காரக் கிழவர் ஒரு ஓவியர். 1979-இல் ஒரு பத்திரிகைக் கட்டுரைக்காகப் போனபோது லௌரியே எடுத்த படம். நிறங்களைப் பற்றி அவரோடு மணிக்கணக்கில் பேசியிருக்கிறார். பின்னாளில் அந்த ஓவியருக்குக் கண் போய்விட்டதாம். நிறமில்லாத ஊரைப் பற்றிய புத்தகத்துக்கு அந்த முகம்தான் அட்டை.

---

மாடப்புறா:

ஓலைச்சுவடி சொன்னதை யோசித்துப் பார்த்தேன். சரிதான், ‘பயமுறுத்த’ என்று நான் சொன்னது அவசரம். இருந்தாலும் அந்தத் தம்பதிக்கு அழ ஒரே ஒரு நாள்தான் கொடுத்தார்கள் என்பதை என்னால் விட முடியவில்லை. முணுமுணுப்பு அடங்கியதும் அவர்களும் அடங்கிவிட வேண்டும். அதை ஆறுதல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

---

கூழாங்கல்:

எல்லோருக்கும் நன்றி. இரவுப்பணி, உங்கள் பதிலை மூன்று முறை படித்தேன். ஓலைச்சுவடி, ஹெலன் படத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை மகளுக்குப் படித்துக் காட்டினேன். அவள்தான் கேட்டாள், “நீங்க ஏன்ப்பா பாட்டிகிட்ட கேக்கல?” என்று.

அம்மா எங்களோடுதான் இருக்கிறார். 74 வயது. நேற்று சாயங்காலம் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, அதனால் இந்தக் கதையைச் சொன்னேன். நிறம் இல்லாத ஊர், கிழவர், ஆற்றில் விழுந்த பையன், ஊரே முணுமுணுத்தது, அதே பெயரில் இன்னொரு குழந்தை. அம்மா கையில் இருந்த துண்டை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே கேட்டார். முடித்ததும் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், “படத்தைப் பாத்துட்டியா?” என்றார்.

எப்போது பார்த்தேன் என்று சொன்னேன். ஒன்பது வயதில் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பேரு அப்பா வச்சது. அவருக்கு அந்தப் பேரச் சொல்லிக்கிட்டே இருக்கணும். எனக்கு அதச் சொன்னா அவன் முகம்தான் வந்து நிக்கும், வாய் வரல. அதான் தம்பின்னே கூப்பிட்டுப் பழகிட்டேன். நீ அவனுக்குத் தம்பிதானே.”

இத்தனை வருடமாக அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு ஒரே பிள்ளையை யாருடைய தம்பி என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. ஊரில் யாரைப் பார்த்தாலும் தம்பி என்றுதானே கூப்பிடுகிறோம்.

மாடப்புறா, அழ ஒரு நாள்தான் கொடுத்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அம்மா நேற்று அழவில்லை. அண்ணனுக்கு என்னென்ன பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இடது கைப் பழக்கமாம். தூங்கும்போது யாருடைய காதையாவது பிடித்துக்கொண்டுதான் தூங்குவானாம். மகள் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்து எழுத ஆரம்பித்துவிட்டாள், பாட்டியும் அவளுக்காக நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

முன்சக்கரம் தேய்ந்தது அவனால்தானாம். வண்டியை நேராக இழுக்க மாட்டான், சாய்த்துத்தான் இழுப்பான். பரணில் ஏறித் தேடினேன், இருந்தது. கயிறு மட்டும் இற்றுப் போயிருக்கிறது, மாற்ற வேண்டும்.